ரிப்பன் வெட்டினால் போதுமா?

2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை. இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வெப்சைட்டைத் திறந்தவர்களுக்கு வழக்கமான பக்கம் வரவில்லை. ஏதோ கோளாறு என்று ஓர் அறிவிப்பு. அதன் தலைமாட்டில் ஒரே ஒரு சீன எழுத்து. போதாதா? டோக்லாமில் இந்தியாவும் சீனாவும் முறைத்துக்கொண்டு நின்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ‘சீனாக்காரன் உள்ளே புகுந்துட்டான்’ என்று டி.வி. சேனல்கள் அலற ஆரம்பித்தன. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமனே, வெப்சைட் ஹேக் செய்யப்பட்டதாகவும் நடவடிக்கை தொடங்கிவிட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் அரசாங்கத்தின் சைபர் பாதுகாப்பு அதிகாரி மறுத்தார். ஹேக்கிங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஹார்டுவேர் கோளாறு. பத்து அரசு வெப்சைட்டுகள் வரை அதில் மாட்டிக்கொண்டன. அப்படியானால் அந்த எழுத்து? அமைச்சகத்தின் வெப்சைட் ‘ட்ருபல்’ என்ற இலவச மென்பொருளில் கட்டப்பட்டது. அதற்குப் போட்டிருந்த சட்டையின் பெயர் ‘ஸென்’. (சட்டை என்று நான் சொல்வதை அந்தத் தொழிலில் ‘தீம்’ என்பார்கள்.) அந்தத் தீமோடு கூடவே வரும் லோகோ, ஸென் என்பதற்கான சீன எழுத்து. அமைச்சகத்தின் சொந்தச் சின்னம் காணாமல்போன நேரத்தில், சட்டைக் காலரில் இருந்த லேபிள் வெளியே தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

‘தியானம்’ என்ற சொல்தான் சீனாவுக்குப் போய் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஸென்’ ஆனது. அதைச் சீனாவுக்குக் கொண்டுபோன போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர் என்று ஒரு மரபு உண்டு. ஆக, நம்ம ஊர்ச் சரக்கைப் பார்த்துத்தான் நாடே நடுங்கியிருக்கிறது!

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், அந்தச் சம்பவத்துக்குச் சரியாக ஒன்பது நாள் முன்னால், மார்ச் 28-ம் தேதி, ட்ருபல் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அதைத் தயாரிப்பவர்களே அறிவித்து, அடைப்பதற்கான அப்டேட்டையும் வெளியிட்டிருந்தார்கள். உலகம் பூரா வெப்சைட் வைத்திருந்தவர்கள் பதறியடித்து அதைப் போட்டுக்கொண்டிருந்த வாரம் அது. ‘நம் அமைச்சகங்களில் அந்த அப்டேட்டைப் போட்டாச்சா? போடுவது யார் வேலை?’ என்று ஒரு சேனலாவது கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. எதிரி யார் என்று கேட்க எல்லோரும் ரெடி. பராமரிப்பது யார் என்று கேட்க நாதியில்லை.

இந்த வியாதி டெல்லியோடு நிற்கவில்லை. உங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபம் வரை பரவியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் சண்டை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஒரு காலத்தில் வெப்சைட் என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுதி சர்வரில் ஏற்ற வேண்டும். போன் நம்பர் மாறினால்கூட எழுதிக் கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும். பிறகு ‘கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ வந்தது. சுருக்கமாக சி.எம்.எஸ். ரெடிமேட் வீடு மாதிரி. சுவர், கதவு, குழாய் எல்லாம் தயார். நீங்கள் உள்ளே போய் சாமான்களை அடுக்க வேண்டியதுதான். டைப் அடிக்கத் தெரிந்தால் போதும். வேர்ட்பிரஸ், ட்ருபல், ஜூம்லா எல்லாம் இந்த ஜாதி. இன்று உலகத்தில் இருக்கும் வெப்சைட்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேர்ட்பிரஸ் என்று கணக்கு.

அந்த வேர்ட்பிரஸ் பிறந்த கதையே பராமரிப்பு இல்லாத கதைதான். ‘பி2’ என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் திடீரென்று காணாமல் போய்விட்டார். அப்டேட் இல்லை, பதில் இல்லை. 2003 ஜனவரியில் அமெரிக்காவில் இருந்த மாட் முல்லன்வெக் என்ற பத்தொன்பது வயசுப் பையன், ‘நான் நம்பி உபயோகிக்கும் மென்பொருள் இப்படி அநாதையாகக் கிடக்கிறதே, நாமே எடுத்து வளர்த்தால் என்ன?’ என்ற பொருளில் எழுதினான். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் ‘நானும் வர்றேன்’ என்றார். அதே வருஷம் மே 27-ல் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. அநாதையைத் தத்தெடுத்ததில் பிறந்த மென்பொருளை வாங்கிவந்து மறுபடி அநாதையாக விடுவதில் நமக்கு நிகர் யாரும் கிடையாது.

எனக்குத் தெரிந்த மண்டப முதலாளி ஒருவர், பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்த சீசன் ஆரம்பிக்கிற நேரத்தில் போன் செய்தார்.

“சார், கூகுள்ல நம்ம மண்டபத்தைத் தேடினா ஜப்பான்காரன் ஷூ விக்கிறான் சார்!”

தேடிப் பார்த்தேன். உண்மைதான். மண்டபத்தின் பெயருக்குக் கீழே வரிசையாக ஜப்பானிய எழுத்துக்கள். இது உலகம் பூரா நடக்கிற, நன்றாகத் தெரிந்த ஒரு ஹேக்கிங் வகை. அடுத்தவன் வெப்சைட்டுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் ஜப்பானிய விளம்பரப் பக்கங்களை உருவாக்கிவைத்துவிடுவார்கள். இதில் ஒரு தந்திரம் உண்டு. நீங்கள் நேரே போய்ப் பார்த்தால் மண்டபத்தின் போட்டோ, நாதஸ்வர இசை, எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கூகுளின் தேடுயந்திரம் வரும்போது மட்டும் ஷூ, கைப்பை. அதனால் சொந்தக்காரருக்கு மாசக்கணக்கில் தெரியவே தெரியாது. கல்யாணத்துக்கு மண்டபம் தேடும் பெண்ணின் அப்பாவுக்குத்தான் முதலில் தெரியும். அவர் அண்ணாச்சிக்குப் போன் போட்டா சொல்வார்? அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவார்.

“கடைசியா எப்ப அப்டேட் பண்ணினீங்க அண்ணாச்சி?”

“அப்டேட்டா? புது ஏ.சி. ஹால் போட்டோ போட்டோமே, நாலு வருஷம் முன்னாடி.”

“பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு?”

“மச்சினன் பையன்தான் செஞ்சு குடுத்தான். அவன் இப்ப துபாய்ல இருக்கான்.”

“பேக்கப்?”

“ஹோஸ்டிங்காரன் எடுத்து வெச்சிருப்பான்ல?”

இந்த அண்ணாச்சி ஏமாளி இல்லை. மண்டபத்தின் லிப்டுக்கு ஏ.எம்.சி. போட்டிருக்கிறார். ஜெனரேட்டருக்கு, ஏ.சி.க்கு, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்குக்கூட. வெப்சைட்டுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன். “அதெல்லாம் ஓடுது சார், தேயும். இது சும்மா இருக்கறதுதானே, என்ன தேஞ்சுடப் போவுது?” என்றார்.

இந்தப் பதிலைத்தான் நான் விடப்போவதில்லை. படித்தவர், படிக்காதவர், காலேஜ் பிரின்சிபால், கம்பெனி எம்.டி. எல்லோரும் மனசுக்குள் இதைத்தான் நம்புகிறார்கள். வெப்சைட் தேயாதுதான். ஆனால், அது நிற்கிற தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. வேர்ட்பிரஸ், ட்ருபல் எல்லாம் பி.எச்.பி. என்ற மொழியில் எழுதப்பட்டவை. அந்த மொழிக்கே ஆயுசு உண்டு. அதன் 5.6 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2018 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்தது. 7.4 பதிப்புக்கு 2022 நவம்பர் 28. பிறகு ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைக்க மாட்டார்கள். ஹோஸ்டிங் கம்பெனி ஒரு நல்ல நாள் பார்த்துப் பழையதைத் தூக்கிவிட்டுப் புதுசைப் போடும். அதற்கு முன்கூட்டியே மெயில் அனுப்பும். யாருக்கு? துபாய்க்கு. மறுநாள் காலை உங்கள் வெப்சைட் வெறும் வெள்ளைப் பக்கம். ‘நான் ஒண்ணுமே பண்ணலியே சார்!’ என்பீர்கள். வாஸ்தவம். ஒண்ணுமே பண்ணாததுதான் காரணம்.

அடுத்த சாக்கு: ‘எங்க சைட்ல திருட என்ன இருக்கு?’

ஹேக்கர் என்றால் இருட்டு அறையில் தொப்பி போட்டு உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொல்லித் தட்டுகிற ஆசாமி என்று சினிமா கற்றுக்கொடுத்திருக்கிறது. அவனுக்கு உங்களைத் தெரியாது. அவன் எழுதிய புரோகிராம் ராத்திரி பகலாக வீடு வீடாகக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும். திறந்தால் உள்ளே போகும். பெரிய வீடா, குடிசையா என்றெல்லாம் பார்க்காது. 2014 அக்டோபர் 15-ம் தேதி ட்ருபலில் ஓர் ஓட்டை அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து, அந்த மென்பொருளின் பாதுகாப்புக் குழுவே ஓர் எச்சரிக்கை விட்டது: அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத எல்லாத் தளங்களும் ஹேக் ஆகிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்க் கணக்கில் இரவு 9.30-க்கு அறிவிப்பு, விடிகாலை 4.30-க்குக் கெடு முடிந்தது. பால் பாக்கெட்கூட வந்திருக்காது.

திருட ஒன்றுமில்லை என்பதும் பொய். மண்டபத்து புக்கிங் பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் பெயர், அப்பாவின் போன் நம்பர், வீட்டு விலாசம், கல்யாணத் தேதி எல்லாம் இருக்கிறது. இன்ன தேதியில் இன்ன வீடு பூட்டியிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு பட்டியல் வேண்டுமா? 2023-ல் நிறைவேற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது. அண்ணாச்சிக்கு இதைச் சொன்னபோது தண்ணீர் குடித்தார்.

பணக்காரர்கள் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். 2016-ல் பனாமா பேப்பர்ஸ் வெடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? உலகத் தலைவர்களின், கோடீஸ்வரர்களின் ரகசியங்களைக் காப்பதையே தொழிலாக வைத்திருந்த மொசாக் ஃபொன்செகா நிறுவனத்திலிருந்து வெளியே வந்தது ஒரு கோடியே பதினைந்து லட்சம் ஆவணங்கள். அவர்களுடைய வெப்சைட்டை ஆராய்ந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வேர்ட்பிரஸில் படம் மாறி மாறி ஓடுவதற்காகப் போட்ட ஒரு ‘ஸ்லைடர்’, ஓட்டையுள்ள பழைய பதிப்பு. வாடிக்கையாளர்கள் நுழையும் வாசலோ 2013-க்குப் பிறகு அப்டேட்டே காணாத ட்ருபல். ஆவணங்கள் எந்த வழியாகப் போயின என்பது தனி விவாதம். ரகசியம் காக்கக் காசு வாங்குகிறவன் வாசல் கதவில் துருப்பிடித்த தாழ்ப்பாள் தொங்கியது என்பதில் விவாதமே இல்லை.

சரி, சொந்தக்காரர்களை மட்டும் திட்டினால் போதுமா? வெப்சைட் செய்து கொடுக்கிற தம்பிகளுக்கும் பங்கு உண்டு. ‘எட்டாயிரம் குடுங்க சார், ஜம்முனு முடிச்சுத் தர்றேன்’ என்று ஆரம்பிப்பார்கள். அந்த எட்டாயிரத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை வாங்க மாட்டார்கள். திருட்டு வி.சி.டி. மாதிரி பூட்டு உடைத்த தீம் நெட்டில் இலவசமாகக் கிடைக்கும். அதை இறக்கிப் போட்டுவிடுவார்கள். 2014-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்-ஐ.டி. என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘கிரிப்டோ பி.எச்.பி.’ என்று ஒன்றை வெளிச்சம் போட்டுக் காட்டியது. இப்படி ஓசியில் கிடைத்த தீம்களுக்கும் ப்ளகின்களுக்கும் உள்ளேயே திருடனுக்கு ஒரு பின்வாசல் வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஹேக்கர் கதவை உடைக்கவே வேண்டாம். நாமே வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டிருக்கிறோம்.

தம்பிகளின் அடுத்த வித்தை, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. டொமைன் தன் பெயரில், ஹோஸ்டிங் தன் மெயிலில். கேட்டால், ‘உங்களுக்கு எதுக்கு சார் அந்தத் தலைவலி?’ வீட்டைக் கட்டிய மேஸ்திரி பட்டாவைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு இப்படிச் சொன்னால் விடுவோமா? இங்கே விடுகிறோம். ஒரு நாள் தம்பிக்குக் கோபம் வந்தால், அல்லது வேலை கிடைத்து ஊர் மாறினால், உங்கள் பெயர்ப்பலகை அவரோடு போய்விடும்.

தம்பிகள் பக்கத்து நியாயம் ஒன்றும் உண்டு. மாசம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டால், ‘ஒருதரம்தான் காசு குடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?’ என்கிறோம். கொடுக்காத காசுக்கு வேலை செய்ய அவர் என்ன அறக்கட்டளையா நடத்துகிறார்?

‘அதான் தானாகவே அப்டேட் ஆகுதே’ என்பார்கள் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள். 2013 அக்டோபரிலிருந்து வேர்ட்பிரஸ் சின்னச் சின்னப் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானே போட்டுக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. 2017 ஜனவரி 26-ல் ஒரு மோசமான ஓட்டையைச் சத்தமில்லாமல் அடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் வெளியே சொன்னார்கள். தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்திருந்தவர்களின் தளங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் நாசம். ஆனால், அதே 2017-ல் இன்னொரு கதையும் நடந்தது. ‘டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்’ என்று ஒரு ப்ளகின். இரண்டு லட்சம் தளங்களில் இருந்தது. எழுதியவர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அப்டேட் என்ற பெயரிலேயே பின்வாசல் வைத்துவிட்டார். விஷமே மருந்து பாட்டிலில் வந்தது. சொந்தக்காரர் லாக்-இன் செய்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளியாட்களுக்கு மட்டும் விளம்பரக் குப்பை. ஆகவே, பட்டன் மட்டும் பராமரிப்பு ஆகாது. என்ன மாறியிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கவனிக்க ஓர் ஆள் வேண்டும். உபயோகிக்காத ப்ளகினைப் பிடுங்கி எறிய ஓர் ஆள் வேண்டும். முப்பது ப்ளகின் போட்ட வெப்சைட் என்பது முப்பது பேரிடம் வீட்டுச் சாவி கொடுத்த மாதிரி.

கோளாறு வரும்போது நாம் போடும் ஆட்டம் இருக்கிறதே, அது இன்னும் மோசம். ஒரே நேரத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு நாலு பேருக்கும் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஒருவர் தீமை மாற்றுவார், இன்னொருவர் டேட்டாபேஸில் கை வைப்பார். கடைசியில் முதல் கோளாறு எது, இவர்கள் செய்த கோளாறு எது என்றே தெரியாது. வீட்டில் எம்.சி.பி. ட்ரிப் ஆனால் நல்ல எலெக்ட்ரீஷியன் என்ன செய்கிறார்? சுவரை இடிக்கிறாரா? எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுவார். கிரைண்டர் போட்டதும் மறுபடி விழுந்தால், கிரைண்டர்தான் திருடன். இதுவும் அப்படியே. வெள்ளைப் பக்கம் வந்தால் முதலில் இருக்கிற நிலையிலேயே ஒரு காப்பி எடு. பிறகு சர்வரில் ப்ளகின்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்று. எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிடும். தளம் உயிர் வந்தால் பெயரைப் பழையபடி வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். வராவிட்டால் தீமை மாற்று. சர்வரின் பிழைப் பதிவேட்டில் எந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் வண்டி நின்றது என்று எழுதியே இருக்கும், அதைப் படி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுது. 2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே, ‘இந்த ப்ளகின்தான் காரணம், இந்த லிங்க் வழியாக வந்து அணைத்துவிடு’ என்று மெயில் அனுப்புகிறது. நிர்வாகியின் விலாசத்துக்கு. அண்ணாச்சி விஷயத்தில் அதுவும் துபாய்க்குத்தான் போகும்.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கண்டம். சர்வர் மாற்றும்போது எழுத்து முறையை கவனிக்காமல் டேட்டாபேஸை ஏற்றினால் கட்டுரை, கவிதை எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படிச் சேமிப்பாகிவிட்ட கேள்விக்குறியிலிருந்து தமிழைத் திருப்பி எடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. பழைய பேக்கப் ஒன்றுதான் கதி.

அந்த பேக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஜனவரி 31 ராத்திரி, கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு எஞ்சினீயர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. பரவாயில்லை, பேக்கப் எடுக்க ஐந்து வழி வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட நம்பி எடுக்கிற நிலையில் இல்லை! ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த ஒரு பிரதியால் பிழைத்தார்கள். உலகத்துக்கே சாஃப்ட்வேர் வசதி செய்து தரும் கம்பெனிக்கு அந்தக் கதி. 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து சாம்பல். ‘ஹோஸ்டிங்காரன் எடுத்து வெச்சிருப்பான்ல?’ என்பவர்கள் இதை வெட்டி மேஜையில் ஒட்டிக்கொள்ளலாம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக மட்டும் மேடைக்கு மேடை புகழ்கிறோம். அதில் ‘ஏரி வாரியம்’ என்று ஒரு குழு இருக்கிறது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில், ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே வருஷா வருஷம் ஆள் மாறும் குழு. வெட்டியாச்சே, தண்ணி நிக்குதே, இனிமேல் என்ன என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏரி மூன்று தலைமுறை தாங்கியிருக்காது. அந்தப் பரம்பரையில் வந்த நாம் காலேஜ் வெப்சைட்டுக்குக் குத்துவிளக்கு ஏற்றி, அமைச்சரை வைத்து மவுஸ் கிளிக் செய்து, போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுகிறோம். மறு வருஷம் பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ட்ருபலின் ஏழாம் பதிப்புக்கு 2025 ஜனவரி 5-ம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. பதினான்கு வருஷம் உழைத்த பதிப்பு. இன்னும் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் உண்டு. மாற்றுவதற்குக் காசு கேட்டால், ‘நல்லாத்தானே இருக்கு’ என்று ஃபைல் திரும்பி வரும்.

அண்ணாச்சியின் தளத்தைச் சுத்தம் செய்யப் பதினெட்டு நாள் ஆனது. அதில் பதினொரு நாள், டொமைன் சாவியைத் துபாயிலிருந்து வாங்குவதற்கு. சுத்தம் செய்த பிறகும் கூகுளின் தேடலில் அந்த ஷூக்கள் மறைய இன்னும் சில வாரம். தை மாசத்து முகூர்த்தம் நாலு, பக்கத்து மண்டபத்துக்குப் போனது. அந்த நாலு வாடகையில் பத்து வருஷத்துப் பராமரிப்பு நடந்திருக்கும்.

இப்போது அவர் வெப்சைட்டுக்கு மாசம் ஆயிரத்து ஐந்நூறு கொடுக்கிறார். ஆனால், கணக்கு எழுதும்போது ‘வெப்சைட் ரிப்பேர்’ என்றே எழுதுகிறார். “ரிப்பேர் இல்லை அண்ணாச்சி, பராமரிப்பு” என்றால், “ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்கிறார். லிப்டுக்கு மட்டும் ‘ஏ.எம்.சி.’ என்று சரியாக எழுதுகிறார்!

உங்களிடம் ஒரு கடையோ, பள்ளிக்கூடமோ, சங்கமோ, கோயில் அறக்கட்டளையோ இருந்து அதற்கொரு வெப்சைட்டும் இருந்தால் இன்றைக்கே விசாரியுங்கள். டொமைன் யார் பெயரில், எந்தத் தேதிவரை? நிர்வாகி மெயில் யாருடையது? கடைசி பேக்கப்பை யாராவது திறந்து, வேறொரு இடத்தில் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்தார்களா? பதில் சொல்லும் தம்பி துபாயில் இருந்தால் அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். விடிகாலையில் எழுப்பாதீர்கள்.